கம்பம் பன்னீர் திராட்சையும் அதன் ஒயினும்

கம்பம் பன்னீர் திராட்சை, தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் கருநிறத் திராட்சை. உலகச் சந்தையில் மஸ்கட் ஹாம்பர்க் எனப்படும் இரகம் இது. விதையும் நறுமணமும் சாறும் மிகுந்தது. உண்பதற்கும் பழரசத்துக்கும் அதிகம் பயன்படுகிறது. சிறிய அளவில் சிவப்பு ஒயினும் தயாரிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் விளையும் பன்னீர் திராட்சையில் சுமார் 85 சதவீதம் இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. 2023இல் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

தோற்றம்

மஸ்கட் ஹாம்பர்க் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் உருவான கலப்பினம். தாய் தந்தை இரகங்களில் ஒன்று ஸ்கியாவா கிரோசா. வட இத்தாலியின் ஆல்ப்ஸ் மலைச்சரிவில் தோன்றிய இது, ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் வட்டாரத்தில் டிரோலிங்கர் என்ற பெயரில் வெளிறிய சிவப்பு ஒயினாகிறது. குளிர்நாட்டுச் சிவப்பு ஒயின்களில் எளிமையான வகை அது. மற்றொன்று, வெயில் விரும்பும் மத்தியதரைக்கடல் இரகமான மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா. கருநிறம் முதலாவதிலிருந்தும், மணம் இரண்டாவதிலிருந்தும் வந்தவை.

1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இத்திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது புவிசார் குறியீட்டை ஒட்டிப் பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. கலப்பினம் உருவான காலம் அதற்குப் பிந்தியது. ஆகவே அந்த ஆண்டை இந்த இரகத்தின் வருகையாகக் கொள்வதைவிட, பாதிரிமார் வழியாகத் திராட்சைக்கொடி வந்த காலமாகக் கொள்வதே பொருந்தும்.

நிலமும் காலநிலையும்

மேற்கே கேரளத்தின் இடுக்கி மலைகளுக்கும் கிழக்கே மேகமலைத் தொடருக்கும் இடையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் கம்பம் நகரம் அமைந்துள்ளது. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேற்கு மலைகள் தடுத்துக்கொள்கின்றன. ஆயினும் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி 1895இல் திறக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையின் நீர் பள்ளத்தாக்கு வழியாக ஓடுவதால் பாசனம் கிடைக்கிறது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, கூடலூர், இராயப்பன்பட்டி ஆகிய ஊர்களைச் சுற்றித் தோட்டங்கள் மிகுதி. இராயப்பன்பட்டி அருகே ஆனைமலையான்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அருகிலுள்ள ஓடைப்பட்டி விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்றது.

சாகுபடி

கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்துக் கட்டிய பந்தலில் கொடி படர்கிறது. ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் கொடி, இங்கே ஆண்டு முழுவதும் பசுமையாகவே இருக்கிறது. அதனால் காய்ப்பைத் தீர்மானிப்பது பருவம் அன்று, கிளைகளை வெட்டிவிடும் கவாத்து. கவாத்து செய்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை அறுப்புக்கு வரும். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால், பள்ளத்தாக்கின் ஏதாவதொரு மூலையில் எப்போதும் பழம் கிடைக்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை காணும் ஐரோப்பிய ஒயின் வட்டாரங்களிலிருந்து கம்பம் அடிப்படையில் வேறுபடுவது இதில்தான்.

மழைக்காலத்தில் அடிச்சாம்பல் நோயும், பழுக்கும் தருணத்தில் பெய்யும் மழையால் பழவெடிப்பும் உழவரைப் பாதிக்கின்றன. அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை தெளிப்பது பழைய வழக்கம். பிரான்சின் போர்டோ ஒயின் வட்டாரத்தில் 1880களில் கண்டறியப்பட்ட மருந்து இது.

ஒயினாக்கும் இயல்பு

சிவப்பு ஒயினின் நிறம் தோலிலுள்ள ஆந்தோசயனின்களிலிருந்து வருகிறது. நசுக்கிய பழத்தைத் தோலோடு நொதிக்க வைப்பதன் காரணம் அதுவே. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும்; லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை ஒரு சதவீத ஆல்கஹாலைத் தரும்.

குளிர்ப்பகுதியில் பழம் மெதுவாக முதிரும். இரவுக் குளிரில் மாலிக் அமிலம் அதிகம் சிதையாது. அதனால் பிரான்சின் பர்கண்டியில் பினோ நுவார் திராட்சையிலிருந்து கிடைப்பது போன்ற, புளிப்பு தெரியும் மென்மையான ஒயின் உருவாகிறது. வெப்பப்பகுதியில் சர்க்கரை விரைவாக ஏற, புளிப்பு குறைந்துவிடும். இந்தியாவில் நாசிக்கும் பெங்களூருவை அடுத்த நந்தி மலைப்பகுதியும் உயரத்தால் இக்குறையை ஓரளவு ஈடுகட்டுகின்றன. தாழ்வான கம்பத்துக்கு அந்த வசதி குறைவு.

பன்னீர் திராட்சையின் வலிமை மணத்தில் இருக்கிறது. ரோஜாவிலும் காணப்படும் ஜெரானியால், அதோடு லினலூல் ஆகிய சேர்மங்கள் இதிலும் உண்டு. புளிப்பும் துவர்ப்பும் குறைந்திருப்பதால், நெடுநாள் முதிரவைக்கும் உலர் ஒயினைவிட இளமையிலேயே அருந்தும் இனிப்பு ஒயினுக்கே இது ஏற்றது. கலிபோர்னியாவிலும் இந்த இரகத்திலிருந்து இனிப்பு ஒயின் செய்கிறார்கள். சீனாவில் ஒயினுக்காகவும் பயிராகிறது. பிரான்சின் வான்தூ மலையடிவாரத்தில் பெரும்பாலும் உண்ணும் பழமாகவே விற்கிறது.

ஆலையும் சட்டமும்

தேனி மாவட்டத்தில் ஹில் ஸில் ஒயின்ஸ் நிறுவனம் உள்ளூர்த் திராட்சையிலிருந்து ஒயின் தயாரித்துள்ளது. தமிழ்நாட்டில் ஒயின் தயாரிக்க அரசின் உரிமம் வேண்டும். மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் அரசு நிறுவனமான டாஸ்மாக் வசம் இருப்பதால், ஒயின் ஆலை தன் சரக்கை நேரடியாகக் கடைவிரிக்க இயலாது.

கொங்கு வட்டாரத்தில்

கோவைக்கு மேற்கே தீத்திபாளையம், மாதம்பட்டி, தொண்டாமுத்தூர்ப் பகுதிகளில் மலையடிவாரத்தில் பன்னீர் திராட்சை பயிராகிறது. பனியன் தொழிலுக்குப் பெயர்பெற்ற திருப்பூர் மாவட்டத்தில் திராட்சை முதன்மைப் பயிர் அன்று. அம்மாவட்டம் திராட்சையை வாங்கி உண்ணும் சந்தை. உடுமலை, மடத்துக்குளம் பகுதிகளில் தென்னையும் கரும்பும் முந்துகின்றன.

மதிப்பீடு

பன்னீர் திராட்சையில் ஒயின் செய்யலாம். ஆனால் அது குளிர்நாட்டுச் சிவப்பு ஒயினுக்கு மாற்று ஆகாது, இனிப்பு ஒயின் என்ற தனி வகை. புவிசார் குறியீடு காப்பது கம்பத்தில் விளையும் பழத்தின் பெயரை. அறுவடையின் பெரும்பகுதி இன்றும் பழமாகவே தமிழ்நாட்டுச் சந்தைகளுக்கும் கேரளத்துக்கும் போகிறது.