எஜமானரும் நகரசபையும்

வட ஆர்க்காட்டிலிருந்து நம் முன்னோர் ஊரிகம் வந்த காலத்தில் மண் மைசூர் அரசினுடையது. லைன் வீடும் மருத்துவமனையுமோ ஜான் டெய்லர் கம்பெனியாருடையவை. பேத்தமங்கலத்து நீர் குழாயில் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்து மின்சாரமும் சுரங்கத்தை எட்டிற்று. குறை சொல்லலாம்; கம்பெனியாரை வாக்களித்து மாற்ற இயலுமோ? 1956-இல் மாநில அரசும் 1962-இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்ற பின்னரும், லைன்களில் எஜமானரே நகராட்சி போல் இருந்தார். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்கு ஐந்தாண்டுத் தவணை விதித்தது. ஆயினும் தொழில் நிறுவனமே நகரப் பணி செய்யும் இடத்தில் நகராட்சி அமைக்காது விடவும் வழி வைத்தது. நிறுவனம் மூடினால்? 2001 பிப்ரவரி 28-இல் நம் சுரங்கங்கள் மூடின. இன்று நிலப் பதிவேட்டுக்குத் தாசில்தாரிடமும், குப்பைக்கும் தெருவிளக்குக்கும் ராபர்ட்சன்பேட்டை நகரசபையிடமும் செல்கிறோம். வரிசை நீளந்தான், எனினும் நகரசபை உறுப்பினர் தேர்தல்தோறும் நம் வாசலுக்கு வந்தாக வேண்டும்.