ஒரு கால பூஜைக் கோயில்களும் முதிய தம்பதியரும்

காவிரியின் இரு கரையிலும் பாடல் பெற்ற தலங்கள் நிறைந்திருப்பதை அன்பர்கள் அறிவர். தல யாத்திரை செல்வோர் சிதம்பரம், திருவாரூர், தஞ்சை ஆகிய பெருங்கோயில்களைத் தரிசித்துத் திரும்பிவிடுகின்றனர். இவற்றுக்கு இடையே வயல் நடுவிலும் வாய்க்கால் ஓரத்திலும் எத்தனையோ சிறு கற்றளிகள் நிற்கின்றன. அவற்றுள் பலவற்றில் இன்று வழிபாட்டைக் காத்து வருவது ஒரே ஒரு குடும்பம்; அதிலும் பெரும்பாலும் வயது முதிர்ந்த குருக்களும் அவர் மனைவியும் மட்டுமே.

ஆதியில் நிலை இவ்வாறு இருக்கவில்லை. கண்டராதித்த சோழரின் தேவியாரான செம்பியன் மாதேவியார் 10ஆம் நூற்றாண்டில் பல கோயில்களைக் கற்கோயில்களாக எழுப்பினார். கணவர் பெயரால் அவர் எடுப்பித்த திருநல்லம், இன்றைய கோனேரிராஜபுரம், அவற்றுள் ஒன்று. கோயில் கட்டியதோடு நில்லாமல் அன்றாட வழிபாட்டுக்கும் நிலம் விடுவது அக்கால வழக்கம். அர்ச்சகருக்கு அர்ச்சனாபோகம், விளக்குக்குத் திருவிளக்குப்புறம், பூந்தோட்டத்துக்கு நந்தவனப்புறம் என்று தனித்தனியே ஒதுக்கினர். நந்தா விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் விடப்பட்டன. அவற்றைப் பெற்ற இடையர் நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு இறந்தாலும் குட்டி அதன் இடத்தை நிரப்பும் என்பதால் ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் கூறும். அசலைத் தொடாமல் பயனை மட்டும் எடுக்கும் ஏற்பாடு அது.

தஞ்சைப் பெரிய கோயிலில் மாமன்னன் இராசராசன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் கொட்ட இருவரையும், தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும் அமர்த்தினான். அப்பெண்களின் பெயரும் அவர்கள் குடியிருந்த வீடும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால் அர்ச்சகரின் மனைவிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அவர் ஊதியம் பெற்றவர் அல்லரே!

காலம் மாறியது. கோயில் நிலத்தின் குத்தகை பல இடங்களில் ஒழுங்காக வந்து சேரவில்லை. 1963ஆம் ஆண்டின் சிறு இனாம் ஒழிப்புச் சட்டத்தால் பழைய மானிய முறையும் முடிவுக்கு வந்தது. அக்கிரகாரத்துப் பிள்ளைகள் படிப்பையும் உத்தியோகத்தையும் நாடிச் சென்னைக்கும் பம்பாய்க்கும் கடல் கடந்தும் சென்றனர். முதலில் மேளம் நின்றது. பிறகு பூக்கட்டும் பண்டாரம் போனார். மடைப்பள்ளியில் அடுப்பு அணைந்தது. வேலைகள் மட்டும் போகவில்லை. அவை அனைத்தும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

அந்த வீட்டில் பொழுது விடியுமுன்பே நாள் தொடங்கிவிடும். குருக்கள் நீராடி, சந்தியாவந்தனமும் தமது ஆன்மார்த்த பூஜையும் முடித்த பிறகுதான் கோயில் சாவியைக் கையில் எடுப்பார். அதற்குள் மனைவி குளித்து மடி உடுத்து, வாசலில் கோலமிட்டு, நைவேத்தியத்துக்கு அரிசி களைந்து உலை வைத்திருப்பார். ஊரில் குருக்களாத்து மாமி என்றால்தான் அவரைத் தெரியும். நந்தியாவட்டையும் அரளியும் பறித்து மாலை தொடுப்பது, வில்வத்தை ஆய்ந்து வைப்பது, செப்புக்குடத்தையும் தூபக்காலையும் புளியிட்டுத் துலக்குவது, சுவாமி வஸ்திரத்தைத் துவைத்து உலர்த்துவது எல்லாம் அவர் பொறுப்பே. திருமஞ்சனக் கிணற்றில் நீர் இறைத்துக் குடத்தைச் சுமப்பவர் குருக்கள். எழுபது வயதில், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கருங்கல் தரையில், ஈரக்காலோடு நிறைகுடம் சுமந்து கருவறைப் படி ஏறுவது எளிதன்று. மண்டபத்தில் வௌவால் நாற்றம். மழைக்காலத்தில் விமானத்து விரிசல் வழியே சொட்டும் நீர் வேறு.

அபிஷேகமும் தீபாராதனையும் நடைபெறும்போது அநேக நாட்களில் சேவிக்க வேறு ஒருவரும் இருப்பதில்லை. நைவேத்தியம் ஆன அன்னமே இருவருக்கும் பகலுணவு. பிற்பகலில் மாமி பழைய வேட்டியைக் கிழித்துத் திரி திரிப்பார். மாலையில் மீண்டும் விளக்கு. சிலை திருட்டுக்கு அஞ்சி உற்சவத் திருமேனிகள் பலவும் அரசின் பாதுகாப்பு மையத்துக்குச் சென்றுவிட்டதால், அத்தகைய ஊர்களில் திருவிழாவும் இல்லை.

இவை யாவும் வீட்டு வேலையின் நீட்சி என்று எண்ணுவது பிழையாகும். சைவ மரபில், பிறர் பொருட்டுச் செய்யும் பரார்த்த பூஜைக்கு உரியவர் மணமானவராக இருத்தல் வேண்டும். ஆசாரிய அபிஷேகம் தம்பதி சமேதராகவே பெறப்படுகிறது. மதுரை மீனாட்சி கோயில் பட்டர்களை ஆராய்ந்த ஆங்கில மானிடவியல் அறிஞர் சி. ஜே. ஃபுல்லர், 1984இல் வெளியான தமது நூலில், மனைவியை இழந்த பட்டர் பூஜை செய்யும் உரிமையையும் இழப்பதைக் குறித்துள்ளார். ஆக, கருவறைக்குள் செல்லாத அந்த அம்மையாரும் பூஜைக்கு இன்றியமையாதவர். வெளிநாட்டுக் கோயில்களுக்கு ஒப்பந்தத்தில் வரும் அர்ச்சகர்களில் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வருவதை நம்மவர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். மரபு அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வருவாய் குன்றிய கோயில்களுக்காகத் தமிழக அரசு ஒரு கால பூஜைத் திட்டத்தை நடத்துகிறது. இதில் சேர்ந்த 12,959 கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை 2021இல் அறிவிக்கப்பட்டது. கோயிலுக்கான வைப்புநிதி 2022இல் 1 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. நூற்றுக்கு 6 வட்டி என்று கொண்டாலும் 2 லட்சத்துக்கு மாதம் 1,000 ரூபாய்தான் வரும். எண்ணெய், அரிசி, பூ, கற்பூரம் அனைத்தும் அன்று அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. இதுவும் அசலைத் தொடாத சாவா மூவா ஏற்பாடே. ஆனால் 96 ஆடுகள் ஒரு விளக்குக்கு மட்டும் விடப்பட்டவை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தம்பதியரில் அம்மையார் முந்திச் சென்றுவிட்டால், பழைய முறை வழுவாத ஊர்களில் குருக்கள் அன்றோடு சாவியை ஒப்படைத்துவிடுகிறார். வேறு ஆள் இல்லாத ஊர்களில் முறையைத் தளர்த்திக்கொண்டு தனியே தொடர்பவரும் உண்டு. அவரைக் குறை கூற யாருக்கும் மனம் வராது. ஒப்படைத்த இடங்களில், ஏற்கெனவே நான்கைந்து கோயில்களைப் பார்த்து வரும் பக்கத்து ஊர் இளைய குருக்கள் ஒருவர் காலையில் மோட்டார் சைக்கிளில் வருகிறார். கடையில் வாங்கிய பூவும் வீட்டிலிருந்து தூக்கில் கொண்டு வந்த அன்னமும் கையில் இருக்கும். கதவைத் திறந்து, விளக்கேற்றி, பூஜையை முடித்துப் பூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார். மாலை விளக்கு அங்கே இல்லை.