304 உம் போக்கரும்

1967 உலகக் கண்காட்சிக்காக நோத்ரடாம் தீவில் பிரெஞ்சுக்காரர் கட்டிய மண்டபத்தில்தான் 1993 ஒக்டோபரில் மொன்றியல் கசினோ திறந்தது. போர் துரத்திவிட்ட எம்மவர் பார்க் எக்ஸ்ரென்சன் அறைகளில் 304 ஆடிய காலம் அது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20. விடியும்வரை ஆடினாலும் தோற்றவனுக்கு நக்கல்தான் மிச்சம்.

போக்கர் வேறு. முன்னிரவில் வென்றவன் நள்ளிரவில் இழப்பான், விடியப்புறம் விட்டதைப் பிடிக்கப் பார்ப்பான். காசு மேசையைச் சுற்றித்தானே வருகிறது என்பான். எங்கே வருகிறது? குவியும் பந்தயப் பணத்தில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிலையம் தரகு எடுக்கிறது. சமபலமுள்ள ஒன்பது பேர் இரவிரவாக ஆடினால், ஒன்பது பேரின் காசும் சேர்ந்தே குறையும். கோப்பை கழுவிய கிழமைச் சம்பளத்தை விட்டவர்கள் கடதாசியைத்தான் திட்டினார்கள்.

2010 இல் மொகாக் மக்களின் கானவாகேயிலும் ஒரு போக்கர் மண்டபம் வந்தது. மேர்சியே பாலத்தைக் கடந்தால் போதும்.