தாதிமை இல்லத்தில் எதைப் பார்ப்பது?

பொங்கோலில் வசிக்கும் குடும்பங்கள் தாதிமை இல்லம் தேடும்போது முதலில் கேட்பது கட்டணத்தையும் தூரத்தையும்தான். தூரமும் முக்கியம்தான். எல்ஆர்டியில் எளிதாகப் போய்வர முடிந்தால் வாரத்தில் மூன்று நாளாவது பார்க்கலாம்.

2011ல் ஓர் இல்லத்தில் மூதாட்டி முரட்டுத்தனமாகக் கையாளப்பட்ட காணொளி வெளியானது. புதியவர்களைச் சேர்க்க அந்த இல்லத்துக்குச் சுகாதார அமைச்சு தடை விதித்தது. மருத்துவப் பராமரிப்பு, சமூகப் பராமரிப்பு, நிர்வாகம் ஆகியவற்றுக்கான மேம்படுத்தப்பட்ட தரநிலைகள் 2014ல் அறிவிக்கப்பட்டன. உரிமம் குறைந்தபட்சத் தரத்துக்கே உத்தரவாதம்.

வரவேற்பறை எங்கும் பளபளப்பாகத்தான் இருக்கும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பாருங்கள். ஊழியர் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டுகிறாரா, நின்றபடி அவசரமாகத் திணிக்கிறாரா? அழைப்புமணி அடித்தால் எவ்வளவு நேரத்தில் ஆள் வருகிறது? எழ முடியாதவரைப் பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். எனவே, இல்லத்துக்கு வந்தபின் எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் ஏற்பட்டது என்று தயங்காமல் கேட்கலாம். எடையை மாதந்தோறும் குறிக்கிறார்களா, நாற்காலியில் கட்டிவைக்கும் வழக்கம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

முதுமை மறதி முற்றும்போது பிற்காலத்தில் கற்ற ஆங்கிலமும் மலாயும் பலருக்கு மறந்து, தாய்மொழியே மிஞ்சுகிறது. நள்ளிரவில் “தண்ணி” என்றால் புரிந்துகொள்ள யாராவது இருக்கிறார்களா? சைவ உணவு, மாட்டிறைச்சி தவிர்ப்பு பற்றியும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

அரசாங்க மானியத்துடன் சேர, மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியர் அல்லது பலதுறை மருந்தகம் வழியாக ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த இல்லம் வேண்டும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள்.