மேமி டில்-மோப்லி: திறந்தே வைக்கப்பட்ட சவப்பெட்டி

மேமி டில்-மோப்லி (1921–2003), மகனைப் பறிகொடுத்த துயரத்தை ஊரறியச் செய்து, அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்கு வேகம் கூட்டிய தாய். மிசிசிப்பி மாநிலத்தின் வெப் என்ற ஊரில் பிறந்தவர். தெற்கின் பருத்திக்காடுகளை விட்டு வடக்கே பிழைக்கப் போன லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களோடு இவர் குடும்பமும் சிகாகோ பக்கம் குடியேறியது.

1955 ஆகஸ்டில், கோடை விடுமுறைக்காக அவருடைய ஒரே மகன் எம்மெட் டில் மிசிசிப்பியில் உள்ள மணி என்ற சிற்றூருக்கு, உறவினர் வீட்டுக்குப் போனான். வயது 14. அங்கே ஒரு மளிகைக் கடையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான் என்று பேச்சு கிளம்பியது. ஆகஸ்ட் 28 விடிவதற்குள், அந்தப் பெண்ணின் கணவர் ராய் பிரையன்ட்டும் அவருக்கு ஒருதாய் வயிற்று அண்ணனான ஜே. டபிள்யூ. மைலமும் சிறுவனைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் கடத்திப் போனார்கள். மூன்று நாள் கழித்துத் தல்லஹாச்சி ஆற்றில் உடல் கிடைத்தது. பருத்தி அரவை இயந்திரத்தின் கனத்த இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டியிருந்தார்கள்.

உள்ளூர் அதிகாரிகள் அங்கேயே அவசரமாகப் புதைக்கப் பார்த்தார்கள். மேமி விடவில்லை, உடலைச் சிகாகோவுக்கு வரவழைத்தார். மூடி முத்திரையிட்டு வந்த பெட்டியைத் திறக்க வைத்தார். பாதத்திலிருந்து தொடங்கி, முழங்கால், பல், காது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துத் தன் பிள்ளைதான் என்று உறுதி செய்தார். பிறகு, முகத்தைச் சீர்செய்து மறைக்க வேண்டாம், பெட்டியையும் மூட வேண்டாம், நடந்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்றார். பெற்றவளால் இதைவிடக் கடினமான முடிவை எடுத்திருக்க முடியாது. ராபர்ட்ஸ் டெம்பிள் தேவாலயத்தில் பல்லாயிரக்கணக்கானோர் வரிசையில் வந்து பார்த்தார்கள். டேவிட் ஜாக்சன் எடுத்த படத்தைக் கறுப்பின வார இதழான ‘ஜெட்’ வெளியிட்டது.

செப்டம்பரில் மிசிசிப்பியின் சம்னர் நீதிமன்றத்தில் பிரையன்ட், மைலம் இருவர்மீதும் வழக்கு நடந்தது. ஆற்றில் கிடைத்தது எம்மெட்டின் உடலே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. மேமி சாட்சிக் கூண்டில் ஏறி அதை மறுத்தார். எம்மெட்டுக்குத் தாத்தா முறையான மோஸ் ரைட், வெள்ளையர் நிறைந்த அந்த அறையில் எழுந்து நின்று குற்றவாளிகளைக் கைகாட்டினார். 12 வெள்ளை ஆண்கள் அடங்கிய ஜூரி 67 நிமிடத்தில் இருவரையும் விடுதலை செய்தது. அடுத்த ஆண்டு ‘லுக்’ இதழில், பணம் வாங்கிக்கொண்டு, கொன்றது தாங்கள்தான் என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை விடுதலையானவர்களை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.

மேமி ஓயவில்லை. கறுப்பின மக்களின் உரிமைகளுக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் கூட்டங்களில் ஊர் ஊராகப் பேசினார். உறுப்பினர்களும் நன்கொடையும் பெருகின. ஆனால் மேற்குக் கரைப் பயணத்துக்கு அவர் ஊதியம் கேட்டதும் தலைமை கோபித்து அந்த ஏற்பாட்டையே ரத்து செய்தது. உழைத்துப் பிழைத்த ஒரு பெண்ணுக்கு இழைத்த அநியாயம் இது.

1955 டிசம்பர் 1-இல் மான்ட்கோமரியில் பேருந்து இருக்கையை விட்டெழ மறுத்த ரோசா பார்க்ஸ், சில நாள் முன்புதான் இந்தக் கொலை பற்றிய கூட்டத்தில் கலந்துகொண்டிருந்தார். எம்மெட்டை நினைத்துக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார். எம்மெட்டின் வயதையொத்த கறுப்பினப் பிள்ளைகள் 1960-களில் உணவக மறியல்களிலும் வாக்குரிமைப் போராட்டத்திலும் இறங்கினார்கள். அவர்களில் ஜான் லூயிஸும் ஒருவர்.

மேமி கல்லூரியில் படித்து 1960-இல் பட்டம் பெற்று, சிகாகோ பள்ளிகளில் 1983 வரை கற்பித்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகளை மேடையில் நிகழ்த்த மாணவர்களைப் பழக்கினார். அவர் மறைந்த மறு ஆண்டு மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை மீண்டும் எடுத்தது. எவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. கும்பல் கொலையை மத்திய அரசுச் சட்டத்தின்கீழ் வெறுப்புக் குற்றமாக்கும் சட்டம், எம்மெட்டின் பெயரோடு, 2022 மார்ச்சில்தான் கையெழுத்தானது.