ரோதைமுனியும் தொழிற்சாலைச் சட்டமும்

பசறை மலைச்சரிவுகளிலே தேயிலைத் தொழிற்சாலைக்கு 'ஸ்டோர்' என்பதே வழக்கு. நெடிய தண்டொன்றும் பெல்ட்டுகளும் ரோலர்களைச் சுழற்றிய காலத்தில், வேட்டி நுனி சிக்கினாற் கை போயிற்று. சிலவேளை உயிரும் போயிற்று. தொழிலாளர் ரோதைமுனிக்குப் பூசையிட்டனர். மூடநம்பிக்கையென்று அதனைத் தள்ளுதல் எளிது. பொறியின் அபாயத்தை முதலில் உணர்ந்தோர் அவர்களேயன்றோ!

அரசு 1896இல் சுரங்க, பொறிப் பாதுகாப்புச் சட்டத்தையும், 1934இல் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டத்தையும், 1942இல் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தையும் இயற்றியது. கடைசிச் சட்டத்தின்படி சுழலும் தண்டுக்கும் பெல்ட்டுக்கும் வேலி கட்டாயம்; பரிசோதகர் உள்ளே புகுந்து பார்வையிடலாம். ஆயினும், அவர் வரும் நாளில் மாட்டிய வேலியை மறுநாட் கழற்றினால் ஏடு அதனைக் கூறுமா?

1984இல் போபாலில் நச்சுவாயு கசிந்தபோது, அதனைத் தடுக்கவேண்டிய குளிரூட்டும் பொறி நிறுத்தப்பட்டே கிடந்தது. அதன்பின், 1992இல் அமெரிக்கா அபாயகரமான இரசாயன ஆலைகளுக்கு மூன்றாண்டுக்கொரு தணிக்கையை விதித்தது. ஏட்டைப் புரட்டுவதோடு தணிக்கையாளர் நில்லார். பொறியருகே நிற்பவரையும் வினவுவர்.