குதிரையும் ஹாம்ஸ்டரும்

எட்டு வருடங்களுக்கு முன் என் மனைவிக்கு நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மருந்துப் பெட்டிக்குள் இருந்த தாளைப் புரட்டியபோது, அது சீன ஹாம்ஸ்டரின் சினைப்பைச் செல்களில் தயாரானது என்று போட்டிருந்தது. வாய்விட்டுப் படித்துவிட்டேன். "என்னங்க, எலி மருந்தையா எனக்கு ஏத்துறாங்க?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு பாரீஸ் பாஸ்தர் நிலையத்து எமீல் ரூ பழக்கமான பெயர். அவர் குதிரைகளுக்கு டிஃப்தீரியா நச்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளைச் சீரமாக எடுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். தொண்டை அடைப்பான் கண்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இறந்துகொண்டிருந்த மருத்துவமனையில் சாவு கால்வாசியாகக் குறைந்ததை 1894இல் புடாபெஸ்ட் மாநாட்டில் அறிவித்தார். ஆனால் குதிரைப் புரதம் நம் உடம்புக்கு அந்நியம். பலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் மூட்டுவலியும் வந்தன.

1975இல் கேம்பிரிட்ஜில் கோஹ்லரும் மில்ஸ்டீனும் ஒரே வகை எதிர்ப்பொருளை ஓயாமல் சுரக்கும் எலிச் செல்களை உருவாக்கினார்கள். 1984இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் உடம்பு எலிப் புரதத்தையும் எதிர்த்தது. எனவே, நோயைப் பிடிக்கும் நுனி மட்டும் எலியுடையதாகவும் மற்றது மனிதனுடையதாகவும் இருக்கும்படி மரபணுவை ஒட்டுப் போட்டார்கள். அப்படி வந்த ரிட்டுக்ஸிமாபுக்கு 1997இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அந்த மரபணுவை எந்தச் செல்லில் வைப்பது? எதிர்ப்பொருளின் தண்டில் ஒரு சர்க்கரைச் சங்கிலி உண்டு. மருந்துத் தயாரிப்புக்கு வழக்கமாகப் பயன்படும் பாக்டீரியாவுக்கு அதைக் கோக்கத் தெரியாது. ஹாம்ஸ்டர் செல் கிட்டத்தட்ட மனிதச் செல்லைப் போலவே கோக்கும். 1948 கடைசியில், சீனாவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 20 ஹாம்ஸ்டர்கள் ஷாங்காயிலிருந்து விமானமேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. 1957இல் டென்வரில் தியோடர் பக் ஒரு பெண் ஹாம்ஸ்டரின் சினைப்பையிலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார். அவற்றின் வழிவந்த செல்கள்தாம் இன்றும் பெரிய எஃகுத் தொட்டிகளில் வளர்கின்றன. மருந்துக்காகப் புதிதாக எந்த ஹாம்ஸ்டரையும் அறுப்பதில்லை.

ஆனால் இந்தச் செல்லிலும் ஒரு குறை. சங்கிலியின் அடியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரையைத் தவறாமல் சேர்த்துவிடும். நம் செல்களும் பெரும்பாலும் அப்படித்தான். புற்றுச் செல்லைக் கொல்லும் நம் ரத்த அணுக்கள் எதிர்ப்பொருளின் தண்டைப் பற்றிக்கொண்டுதான் வேலை செய்கின்றன. அந்தப் பிடியை ஃபியூகோஸ் தளர்த்துகிறது. அது இல்லாவிட்டால் பிடிப்பு 50 மடங்கு வரை கூடும் என்று 2002இல் ஜெனன்டெக் விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஃபியூகோஸைச் சேர்க்கும் மரபணுவின் பெயர் ஃபட்8. செல்லில் அதற்கு இரண்டு பிரதிகள். 2004இல் ஜப்பானின் கியோவா ஹக்கோ விஞ்ஞானிகள் இரண்டையும் முடக்கினார்கள். அத்தகைய செல்லில் உருவான மொகாமுலிசுமாப், ஒரு கொடிய ரத்தப் புற்றுநோய்க்கு 2012இல் ஜப்பானில் அனுமதி பெற்றது.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த எலிக்கு ஒரு கும்பிடு போடணுங்க" என்றாள். இப்போது அடுக்களையில் காபி கலந்துகொண்டிருக்கிறாள்.